சந்தேகமாக இருந்தாலும் அழுத்துங்கள்

“பதினேழு…”

இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. தொழிற்சாலை வேனில் வந்திறங்கிய பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் காதுப் பரிசோதனையை முடித்துவிட்டு வாசல் கூரைக்கடியில் டீயோடு நின்றிருந்தார்கள். வெளியே மழை, விடிந்ததிலிருந்து ஒரே மாதிரி.

அவள் கதவைப் பிடித்தபடி குரலைத் தாழ்த்தி மூன்றாவது முறை கேட்டாள். “பதினேழு… இருக்கீங்களா?”

அந்த ஒரு வார்த்தையை அந்தக் குரலில் அவள் கேட்டிருக்கக் கூடாது. ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றவன் திரும்பினான். நனைந்த புருவம்… இமை நுனியில் உதிராமல் நிற்கும் ஒரு துளி… எதையோ சொல்ல வந்து பாதியிலேயே திரும்பிப் போய்விடுகிற அந்தக் கண்கள்.

அவள் கணவன்.

ஏழு மாதம் ஆகிறது பார்த்து. சட்டைக் கழுத்து தளர்ந்திருந்தது. இல்லை, சட்டை அதேதான், கழுத்துதான் இளைத்திருந்தது. அவளுக்கு முதலில் தோன்றியது கோபம் இல்லை. யார் இவருக்குச் சமைத்துப் போடுகிறார்கள் என்பதுதான். அப்படித் தோன்றியதற்காக அடுத்த கணமே தன் மேல் கோபம் வந்தது.

பெஞ்சில் மிச்சமிருந்த பதினெட்டாம் எண், தொப்பை வைத்த ஃபோர்மேன், சிரித்தார். மூன்று மாதம் முன்புதான் அந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர். அவருக்கு இவர்கள் கதை தெரியாது.

“மேடம், இவனுக்குக் காது இருக்கான்னு நீங்க பாருங்க. வாய் இருக்கான்னு நாங்க மூணு மாசமா தேடிட்டிருக்கோம்.”

அவள் சிரிக்கவில்லை. ஓடிவிடலாமா என்று பார்த்தாள். எங்கே ஓடுவது? இது அவள் வேலை பார்க்கும் இடமே இல்லை. இங்குள்ள சீனியர் அக்கா மூன்று நாள் விடுப்பில் போயிருந்ததால், ஊரின் மறுகோடியிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். இன்று மூன்றாவது நாள். அவளிடம் கொடுத்த பட்டியலில் எண்கள் மட்டும்தான் இருந்தன, ஆட்களின் பெயரோ தொழிற்சாலையின் பெயரோ இல்லை. பரிசோதனைச் சீட்டு இல்லாமல் நாளை இவனை இயந்திரத்தின் அருகே விடமாட்டார்கள். வேறு ஆளும் இல்லை.

இன்றைக்கென்று பார்த்து வந்திருக்க வேண்டுமா? ஐந்து மணிக்கு அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார், ஒரு பழுப்பு உறையோடு. இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்ற மனு. அதில் அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இவன் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. தாளை அனுப்பிய இரண்டே நாளில் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தான். ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்காமல்.

“உள்ள வாங்க,” என்றாள்.

வந்தான்.

பரிசோதனை அறைக்குள் இன்னொரு சின்ன அறை இருந்தது. ஒலி புகாத சுவர், ஒரு சாண் கனத்தில் கதவு. தொழிலாளிகள் அதை ஃப்ரிட்ஜ் என்பார்கள். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவளுடைய கருவி. அவள் ஹெட்போனை அவன் தலையில் மாட்டினாள். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. விரல் நனைந்த முடியில் பட்டது. இரண்டு பேருமே அது படாதது போல் இருந்தார்கள்.

ஒயரோடு இருந்த பொத்தானை அவன் கையில் கொடுத்தாள். காலையிலிருந்து பதினாறு பேரிடம் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். “பீப் பீப்னு சத்தம் வரும். கேட்டா அழுத்துங்க. ரொம்ப மெல்லிசா கேட்டாலும் அழுத்துங்க.”

அவன் தலையசைத்தான். தலையசைப்பு. அவளுக்கு நன்றாகத் தெரிந்த பதில்.

கல்யாணத்துக்கு முன் இருவரும் பேசிக்கொண்ட ஒரே ஒரு மாலையில் அவள் நாற்பது கேள்வி கேட்டாள். அவன் சிரித்துச் சிரித்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், கடைசியில் “கேள்வித்தாள்” என்று அவளுக்குப் பெயரும் வைத்தான். இரண்டு வருடம் அந்தப் பெயர் செல்லமாகத்தான் இருந்தது. பிறகு தொழிற்சாலையில் ஆட்களைப் பாதியாகக் குறைத்தார்கள். மிஞ்சியவர்கள் தலையில் இரண்டு ஆள் வேலை விழுந்தது. தகட்டை அடித்து வளைக்கும் அந்த இயந்திரத்தின் முன் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவனிடம் முதலில் வாக்கியங்கள் குறைந்தன. அப்புறம் வார்த்தைகள். அப்புறம் தலையசைப்பு மட்டும். அவன் குறையக் குறைய அவள் கேள்விகள் பெருகின. கோபமா? என் மேலயா? நான் என்ன செஞ்சேன்? சமையலறையிலிருந்து, குளியலறையிலிருந்து, பக்கத்து அறையிலிருந்து… இருக்கீங்களா?

குடும்பநல ஆலோசகர் அம்மா ஒருவரிடம் ஒரே ஒரு தடவை போனார்கள். அவர் இருவரையும் சின்ன வயதுக் கதை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள்: என் அம்மா சண்டை வந்தால் யாரிடமும் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், எத்தனை நாள் என்று தெரியாது, அதனால் தினமும் எழுந்ததும் வாசலில் அம்மாவின் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆலோசகர் அம்மா கடைசியில், “நீங்க கதவைத் தட்டத் தட்ட அவர் தாழ்ப்பாளை இறுக்குறார். அவர் இறுக்க இறுக்க நீங்க இன்னும் தட்டுறீங்க. ரெண்டு பேருமே பயந்துதான் செய்யறீங்க,” என்றார். அடுத்த தடவை அவன் வரவில்லை. வேலை என்றான்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. பத்து வாரக் கரு கலைந்துபோய் அவள் மருத்துவமனையிலிருந்து திரும்பிய மத்தியானம்.

அவன் சமையலறையில் முதுகைக் காட்டி நின்று ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள். “உங்களுக்கு வருத்தமே இல்லையா?” அவன் திரும்பவில்லை. குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டான். அந்த வாரத்தில் அதே கேள்வியைப் பதினொரு தடவை கேட்டாள். எண்ணியிருந்தாள். பன்னிரண்டாவது தடவை கேட்காமல் அண்ணனை வரச் சொல்லிப் பெட்டியோடு கிளம்பிவிட்டாள்… அம்மாவைப் போலவே.

ஏழு மாதமாக அவள் யாருக்கும் காட்டாமல் ஒரே ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை… ஒருவேளை அன்று அவருக்குக் கேட்டிருக்கவே இல்லையோ? வருடக்கணக்கில் இயந்திர இரைச்சல், அன்று குழாய்ச் சத்தம் வேறு. மற்றவர்களின் காதைப் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு வீட்டிலிருந்த காதைப் பார்க்காமல் விட்டுவிட்டேனோ?

கருவியைத் திருகினாள். மெல்லிய சத்தம் அனுப்பினாள். உள்ளே பொத்தானை அழுத்தினால் இங்கே ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டும்.

எரியவில்லை.

கூட்டினாள். எரியவில்லை. இன்னும் கூட்டினாள். சாதாரணப் பேச்சு அளவுக்கு வந்த பிறகுதான் பச்சை எரிந்தது. அடுத்த சுருதியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். தாளில் அவள் போட்ட கோடு ரொம்பக் கீழே ஓடியது.

அவருக்குக் காது கேட்கவில்லை!

வந்தது சந்தோஷம்தான். வெட்கமாக இருந்தது, ஆனால் அதற்கு வேறு பெயர் இல்லை. தன் கணவன் செவிடு என்று ஒருத்தி சந்தோஷப்படுவாளா? கேட்கவில்லை… அதனால்தான் பதில் இல்லை… அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை…

ஆனால் அவள் முறை தவறாமல் வேலை செய்கிறவள். கோட்டை மறுபடி பார்த்தாள். இரைச்சலில் கெட்ட காதின் கோடு இப்படி இருக்காது. உயர்ந்த சுருதியில் ஒரு பள்ளம் விழும். இது தட்டையாகக் கிடந்தது. தவிர, கொஞ்ச நேரம் முன்பு அவள் தாழ்ந்த குரலில் “இருக்கீங்களா” என்றதற்குத்தானே இவன் திரும்பினான்?

இப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அரை நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் அந்தக் கனமான கதவைத் திறந்தாள்.

“கேக்கலையா… இல்ல, கேட்டும் அழுத்தலையா?”

அவன் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நிச்சயமா தெரிஞ்சப்பதான் அழுத்தினேன்.”

“நிச்சயமெல்லாம் வேண்டாம். சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க.”

“தப்பாப் போச்சுன்னா?”

“போகட்டும்.”

படிக்கிற காலத்தில் ஒருவருக்கொருவர் இந்தப் பரிசோதனையைச் செய்து பழகியபோது அவள் நேர் எதிர். சத்தமே அனுப்பாத நேரத்தில் ஒன்பது தடவை அழுத்தியிருந்தாள். உனக்குக் காது எதுக்கு, நீயே சத்தத்தைக் கற்பனை பண்ணிக்கறியே என்று வகுப்பே சிரித்தது.

மறுபடி ஆரம்பித்தாள். மெல்லிய சத்தம். பச்சை. இன்னும் மெல்லியது. பச்சை. இலை விழுகிற சத்தத்தையும்விடச் சின்னது… ஒரு தயக்கம்… பச்சை.

மாசு மருவில்லாத காது. காலையிலிருந்து பார்த்த பதினேழு பேரில் மிக நல்ல காது.

ஆக, கேட்டிருக்கிறது. பதினொரு தடவையும் கேட்டிருக்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் தலையணையில் முகத்தைப் புதைத்து அவள் அழுததுகூடக் கேட்டிருக்கும். ஏழு மாதம் பிடித்துக்கொண்டிருந்தது கையிலிருந்து நழுவியது. கீழே விழுந்த சத்தம்கூட இல்லை.

அவள் சீட்டை நிரப்பினாள். கையெழுத்துப் போட்டாள். இந்தக் கைதான் ஐந்து மணிக்கு இன்னொன்றும் போடப்போகிறது… போடட்டும். மைக்கில் சொன்னாள். “காது நல்லா இருக்கு. நீங்க போகலாம். பதினெட்டை வரச் சொல்லுங்க.”

அவன் எழுந்திருக்கவில்லை.

“இன்னொண்ணு இருக்கு,” என்றது அவள் பக்கத்து ஸ்பீக்கர். “வார்த்தை டெஸ்ட்டுன்னு கம்பெனி குடுத்த பேப்பர்ல போட்டிருக்கு.”

“காது சரியா இருக்கறவங்களுக்கு அது தேவையில்ல.”

“எனக்குத் தேவை.”

அவளாகக் கேட்காமல் அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை. கடைசியாக எப்போது அப்படி வந்தது என்று யோசித்தாள். நினைவில்லை.

வார்த்தைப் பரிசோதனை எளிது. அவள் மைக்கில் ஒரு வார்த்தை சொல்வாள், உள்ளே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவாள். உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் அவள் கண்கள் மட்டும்தான் தெரியும்.

அவன் அவற்றையே பார்த்தான். அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பட்டியலைப் பார்த்தாள்.

“படகு.”

“படகு.”

“விரல்.”

“விரல்.”

“கதவு.”

“கதவு.”

தான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அவனிடமிருந்து ஒரு குரல் வருகிறது… தவறாமல், உடனுக்குடன். வேறெங்குமே கிடைக்காதது ஒரு பரிசோதனை அறையில் கிடைக்கிறதே என்று சிரிப்பு வந்தது. ஒலியைக் குறைத்தாள்.

“குடை.”

“குடை.”

அடுத்தது அச்சடித்த பட்டியலில் இருந்தது. அவள் தேர்ந்தெடுத்ததில்லை.

“குழாய்.”

“குழாய்…” அவன் நிறுத்தினான். “அன்னிக்கு எனக்குக் கேட்டுது.”

அட்டை ஆடியது. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். பிடிவாதமாக அடுத்த வார்த்தையைச் சொன்னாள். “நிழல்.”

“நிழல்,” என்றான். அப்புறம் தன் கையிலிருந்த பொத்தானிடம் பேசுவது போல, “நீ கேட்டது கேட்டுது. நான் குழாயைத் தொறந்துவிட்டது… என் சத்தம் உனக்குக் கேட்டுடக் கூடாதுன்னுதான்.”

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. திரும்பாத அந்த முதுகு. ஒரே பாத்திரத்தை அவ்வளவு நேரம் கழுவிய கை. தோள் அசைந்ததைக்கூடப் பார்த்திருந்தாள், பாத்திரம் தேய்க்கிறான் என்று நினைத்திருந்தாள்.

“அழுதீங்களா?”

அவளுக்குப் பழக்கமானது உடனே அடுத்த கேள்வி கேட்பது. என்கிட்ட ஏன் சொல்லல? ஏன் மறைச்சீங்க? நான் யாரு உங்களுக்கு? மூன்றும் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு சத்தத்துக்குப் பிறகும் மூன்று எண்ணும்வரை காத்திருப்பாள். அதுதான் முறை. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்த அந்த மூன்று எண்ணிக்கையை வீட்டில் ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஒன்று… இரண்டு… மூன்று… நான்கு…

“எங்க வீட்ல அழுதா அப்பாகிட்ட இன்னொரு அடி விழும்,” என்றான். “சத்தம் வராம, அசையாம உக்காந்திருந்தா அவர் கொஞ்ச நேரத்துல போயிடுவார். அப்படியே பழகிட்டேன். நீ கேக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான்… உடம்பு அசையாது. நீ அப்பா இல்லன்னு தெரியும். உடம்புக்குத் தெரியல.”

அட்டையைத் தாழ்த்தியிருந்தாள், கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது.

“கையெழுத்து மட்டும் ரெண்டே நாள்ல போட்டீங்க.”

“நீ கேட்டு நான் ஒண்ணுமே குடுத்ததில்ல. அதையாவது உடனே குடுக்கணும்னு…”

“பைத்தியக்காரத்தனமா இருக்கு.”

“தெரியும்.”

“அந்த ஒரு வாரம் நான் தனியாத்தான் இருந்தேன்,” என்றாள். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். “குழந்தையும் போச்சு, நீங்களும் இல்ல. இப்ப நீங்க சொல்றதால அது இல்லன்னு ஆகிடாது.”

“ஆகிடாது,” என்றான். வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறானா, ஒப்புக்கொள்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கைபேசி அதிர்ந்தது. அண்ணன். மழை வலுக்கும் போலிருக்கிறது, சீக்கிரமே வந்துவிட்டேன், வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன், பேனாகூட இருக்கிறது என்றார். டெஸ்ட் இன்னும் முடியவில்லை என்றாள். யாருக்கு என்று கேட்டார்.

“எனக்கு,” என்று சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தாள்.

அட்டையை மறுபடி வாய்க்கு நேரே பிடித்தாள். மைக்கை அணைத்தாள். இப்போது உள்ளே எந்தச் சத்தமும் போகாது. மழைகூடப் போகாது. அவன் கண்களைப் பார்த்துக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில் கேட்டாள்.

இருக்கீங்களா?

ஒன்று… இரண்டு… மூன்று…

நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே அழுத்துகிறவன் அவன்.

பச்சை விளக்கு எரிந்தது.

அவள் போய்க் கதவைத் திறந்தாள். அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நின்றான். இப்போது இமையிலிருந்தது மழைத்துளி இல்லை.

“நீ ஏதோ கேட்ட,” என்றான். “என்னன்னு தெரியல. ஆனா… ஆமா.”

சத்தமே இல்லாமல் எரிந்த விளக்கைத் தப்பு என்று குறிக்க வேண்டும் என்பது விதி. அவள் குறிக்கவில்லை.

“வெளியில எங்கண்ணன் இருக்காரு,” என்றாள். “கவரோட.”

அவன் முகம் வெளுத்தது. அடுத்து என்ன செய்வதென்று அவள் சொல்லித் தருவாள் என ஒரு கணம் காத்திருந்தான். அவள் வெளிக் கதவைத் திறந்து விலகி நின்றாள், அவ்வளவுதான்.

காத்திருப்பு அறையில் அண்ணன் ஃபோர்மேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் பழுப்பு உறை. அவனைப் பார்த்ததும் எழுந்தார். அவர் முன்பு அவனை வாய் நிறைய மாப்பிள்ளை என்பவர். இன்று அந்த வார்த்தை வரவில்லை.

“நீங்க எங்க இங்க?”

அவன் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். அவனுக்குப் பதிலாகப் பேசிவிடத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மச்சான்… அதுல நான் போட்ட கையெழுத்து தப்பு.”

“ஏழு மாசம் எங்க போயிருந்துச்சு இந்த வாய்?” அண்ணன் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அது அதிகமாகக் கேட்டது. “என் வீட்ல இருக்கறவ பாதி ஆளாப் போயிட்டா. தூங்கறதே இல்ல. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்கறா. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?”

ஃபோர்மேன் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்திருந்தார். மழை கூரையில் கொட்டியது. அவள் எண்ணினாள். ஐந்துவரை எண்ணினாள். ஏழுவரை போயிற்று. அவன் எப்போதும் போல அசையாமல் உறைந்து நிற்கப்போகிறான் என்று நினைத்தபோது அண்ணனை விட்டுவிட்டு அவளைப் பார்த்துத் திரும்பினான்.

“பயமா இருந்துச்சு,” என்றான். “உன்னைப் பிடிக்காம இல்ல. வீட்ல நீ இருந்தா பயம், நீ கேப்ப. நீ இல்லன்னா அதைவிட பயம். யாரும் கேக்கறதில்ல. வேலை முடிஞ்சு வந்து கதவைத் தொறந்தா… அந்த அமைதிதான் நான் சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்டது. என்னால அதுல ஒருநாள்கூட இருக்க முடியல. நீ கேளு. பதில் வர நேரமாகும். ஆனா வரும்.”

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் அவர் கையிலிருந்து உறையை வாங்கிக்கொண்டாள். கிழிக்கவில்லை. கிழித்துப்போட இன்னும் தைரியம் வரவில்லை. மேசைமேல் இருந்த தன் கைப்பையைத் திறந்து, கையெழுத்துப் போடாமல், உள்ளே வைத்து மூடினாள்.

“பதில் வர நேரமானா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க,” என்றாள் அவனிடம். “அது போதும். மீதிக்கு நான் காத்திருப்பேன்… கத்துக்கறேன்.”

“இருக்கேன்,” என்றான் அவன். இந்தத் தடவை அவள் எண்ண ஆரம்பிக்கும் முன்பே.